காணாமல் போன காராப் பாசி குளத்துச் சேற்றுக்குள்தான் கிடக்கும்

கேள்வி இதுதான்: மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் ஒரு சிறுகுளம். பதினைந்து, இருபது வருடத்துக்கு முன் கோடையில் தண்ணீர் இறங்கும்போது அடியில் பச்சைப் பாய் விரித்ததுபோல ஒரு பாசி இருந்தது. கையில் எடுத்தால் மணல் ஒட்டியதுபோலக் கரகரக்கும், கசக்கினால் உள்ளி மணம் அடிக்கும். இப்போது அது அடியோடு இல்லை. தண்ணீர் எந்நேரமும் பச்சையாகக் கலங்கிக் கிடக்கிறது, ஓரமெல்லாம் சல்வீனியா என்ற மிதக்கும் பூண்டு. வருகிற கோடையில் பெக்கோ போட்டுத் தூர்வாரப் போகிறார்கள். அது என்ன பாசி? வேறு குளத்திலிருந்து அள்ளி வந்து போட்டால் வளருமா?

அது காரா. அள்ளி வந்து போடுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதன் வித்து உங்கள் குளத்துச் சேற்றுக்குள்ளேயே இன்னும் உயிரோடு கிடக்கும். அதனால் முதலில் கவலைப்பட வேண்டியது பெக்கோவைப் பற்றி. அந்த இயந்திரம் எத்தனை அங்குலம் தோண்டுகிறது, தோண்டிய மண் எங்கே போகிறது என்பதில்தான் இந்தப் பாசி திரும்பி வருமா வராதா என்பது இருக்கிறது.

முதலில் அடையாளத்தை உறுதிப்படுத்துவோம். எங்கள் பக்கம் தண்ணீருக்குள் பச்சையாக இருக்கும் எல்லாவற்றுக்கும் பாசி என்றுதான் பெயர். கடையில் மசாலாவுக்கு விற்கும் கல்பாசிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. காராவின் தண்டு நூல்கம்பி மொத்தம்தான் இருக்கும். விரல் இடைவெளிக்கு ஒரு கணு, ஒவ்வொரு கணுவிலும் குடைக்கம்பி விரிந்ததுபோல ஆறு முதல் பதினைந்து வரை சிறு கிளைகள். இலை கிடையாது, பூ கிடையாது, உண்மையான வேரும் கிடையாது. சேற்றைப் பிடிக்க நிறமற்ற மெல்லிய இழைகள் மட்டும். வேறு நீர்ப்பூண்டுகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: ஐதரில்லாவில் தட்டையான இலை தெரியும். செரட்டோபில்லத்தின் இலை நுனி கவர்விட்டுப் பிரியும். காராவில் இரண்டும் இல்லை.

சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைக் காயவைத்து அதன் மேல் தேசிக்காய்ப் புளி இரண்டு சொட்டு விடுங்கள். நுரை பொங்கும். தண்ணீரில் இருக்கும் இருகாபனேற்றை ஒளித்தொகுப்புக்கு எடுத்துக்கொண்டு, கல்சியம் காபனேற்றைத் தன் தோலின் மேலேயே அது படியவிடுகிறது. கரகரப்புக்குக் காரணம் அந்தச் சுண்ணாம்புப் பூச்சு. நுரையும் இல்லை, மணமும் இல்லை, கண்ணாடிபோலப் பளிச்சென்ற பச்சை, கிளை நுனி கவர்கவராகப் பிரிகிறது என்றால் அது காராவின் உறவான நைட்டெல்லா. இரண்டுக்கும் கீழே சொல்லும் பராமரிப்பு ஒன்றே.

ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையில் இருப்பது ஒரேயொரு கலம். சில சென்ரிமீற்றர் நீளமான ஒற்றைக் கலம். பாடசாலை நுணுக்குக்காட்டியில் நைட்டெல்லாவின் ஒரு துண்டை வைத்தால் உள்ளே முதலுரு ஆற்றுநீர்போல ஓடுவது தெரியும். 1774இல் போனவென்துரா கோர்த்தி என்ற இத்தாலியர் இந்த ஓட்டத்தை முதலில் கண்டது காராக் குடும்பத்துப் பாசியில்தான். உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டக் கிடைத்த குளம் ஒரு சொத்து. இந்தக் குடும்பத்தின் ஓர் இனத்துக்கு 1805இல் வைக்கப்பட்ட பெயரே காரா செலானிக்கா, அதாவது இலங்கைக் காரா.

இனி வித்து. முதிர்ந்த காராவின் சிறுகிளைக் கணுக்களில் செம்மஞ்சள் உருண்டை ஒன்றும் அதன் மேலே முட்டை வடிவப் பச்சைக் குடுவை ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். உருண்டை ஆண், குடுவை பெண். கருக்கட்டிய பிறகு குடுவைக்குள் இருப்பது கறுத்துத் தடித்து ஒரு வித்தாகும். கடுகை விடச் சிறியது, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. கைவில்லையால் பார்த்தால் திருகாணிபோலச் சுற்றுவரை தெரியும். தாவரவியல்படி இது விதை அல்ல. ஆனால் வேலை விதையின் வேலைதான். காய்ந்த சேற்றுக்குள் பல பத்து வருடங்கள் உயிரோடு உறங்கும். நீர்ப்பறவை தின்றாலும் ஒரு பங்கு செரிக்காமல் வெளியே வந்து வேறு குளத்தில் முளைக்கும். ஆவணி புரட்டாதியில் வெடித்துக் காய்ந்து மாரியில் நிரம்பும் எங்கள் சிறுகுளங்களின் நடப்புக்கு இந்த வித்து நன்றாகப் பொருந்தும். காய்ந்து மறுபடி நனைவது பல இனங்களில் முளைப்பைத் தூண்டவே செய்கிறது.

பிறகு ஏன் அழிந்தது? வறட்சியால் அல்ல. இருட்டால்.

வித்து முளைப்பது குளத்தின் அடியில். முளைத்த ஒரு சாண் செடிக்கு அடிவரை வெளிச்சம் வர வேண்டும். தண்ணீர் பச்சையாகிவிட்டால் வராது. பொசுபரசு கூடினால் அதுவே காராவுக்கு நஞ்சு என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். பிறகு செய்த சோதனைகள் காட்டியது வேறு: பொசுபரசு காராவை நேரே கொல்வதில்லை, மிதக்கும் நுண்பாசியைப் பெருக்கி மேலிருந்து திரை போட்டுவிடுகிறது.

இதைக் கணக்காகப் பார்த்தால் விளங்கும். ஒரு ஹெக்டயர் குளம், அதாவது இரண்டரை ஏக்கர், சராசரி ஒரு மீற்றர் ஆழம். அதில் இருப்பது ஒரு கோடி லீற்றர் தண்ணீர். இப்படியான ஆழமற்ற நீர்நிலைகளில் மொத்தப் பொசுபரசு லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் அளவைத் தாண்டினால் தெளிந்த தண்ணீரைக் காப்பது கடினம் என்பது பரவலான அனுபவம். ஒரு கோடி லீற்றருக்கு அது ஒரு கிலோகிராம் பொசுபரசு. ரீஎஸ்பி உரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பொசுபரசு. ஆக, 5 கிலோகிராம் ரீஎஸ்பி. 50 கிலோ மூட்டையில் பத்தில் ஒரு பங்கு! கரைந்து வருவதில் பெரும்பகுதியைச் சேறு பிடித்துக்கொள்ளும் என்பதால் குளம் உடனே கெடாது. ஆனால் சேறு பிடித்ததைக் கோடையில், அடியில் ஒட்சிசன் தீரும் இரவுகளில், திருப்பி விடும். அதனால்தான் உரம் போடாத மாதத்திலும் தண்ணீர் பச்சையாகிறது. மேட்டு வயலின் வடிச்சல், மாட்டுச் சாணம், சவர்க்கார நுரை எல்லாம் இந்த ஒரு கிலோவுக்குள் அடங்கும்.

அடுத்தது மீன். மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. ஆண் திலாப்பியா ஆழமற்ற அடியில் வட்டக் கிடங்கு பறித்துக் கூடு வைக்கும். தண்ணீர் வற்றும்போது அம்மைத் தழும்புபோலத் தெரியும் வட்டங்கள் அவைதான். காரா முளைக்கும் அதே ஆழத்தில்தான் அந்தக் கிடங்குகளும். சாதாரண கெண்டையும் மிரிகாலும் சேற்றைக் கிளறி இரை தேடுபவை, அதனால் தண்ணீர் தெளிய வழியில்லை. புற்கெண்டையோ நீர்ப்பூண்டையே தின்னும். சல்வீனியாவைத் தின்னட்டும் என்று அதை விட்டால் முதலில் மென்மையான அடிப்பூண்டுகளைத் தின்று தீர்த்துவிடும்.

சல்வீனியா இலங்கைக்கு வந்தது 1939இல். அதைத் தின்னும் வண்டை 1986இல் விட்டதில் பல இடங்களில் நல்ல பலன் கிடைத்தது. குளம் மூடிக் கிடந்தால் கீழே ஒன்றும் முளைக்காது என்பது தெரிந்ததே. பலர் தவறுவது அகற்றும் விதத்தில். மருந்தடித்து அங்கேயே சாகவிட்டால் அது தாழ்ந்து அழுகி, தான் உறிஞ்சிய பொசுபரசை எல்லாம் திரும்பக் குளத்துக்கே கொடுத்துவிடும். வலைபோட்டு இழுத்துக் கரையேற்றுங்கள். கரையேற்றியதை அணைக்கட்டின் உட்பக்கச் சரிவில் குவிக்காதீர்கள்; முதல் மழையில் சாறு குளத்துக்குள் வரும். அணைக்கு வெளியே கொண்டுபோய்க் கூட்டெருவாக்குங்கள். பச்சைத் தண்ணீரைத் தெளியவைக்க மயில்துத்தம் கரைத்து விடலாம் என்று யாராவது சொன்னால் கட்டாயம் தடுத்துவிடுங்கள். செப்பு நுண்பாசியைக் கொல்வதுபோலக் காராவையும் கொல்லும், சேற்றில் தங்கியும் விடும்.

இது நம்பிக்கைக்காகச் சொல்லும் ஆறுதல் அல்ல என்பதற்கு மூன்று இடங்களைச் சொல்கிறேன். தோக்கியோவில் இனோகாஷிரா என்றொரு ஊற்றுக்குளம். 1957இல் அங்கே ஒரு நைட்டெல்லா வகை கண்டறியப்பட்டது. பின்னர் குளம் கெட்டு அது அங்கிருந்து மறைந்துபோனது. 2013-14 குளிர்காலத்திலும் 2015-16 குளிர்காலத்திலும் குளத்தை முழுக்க இறைத்து, அடியை வெயிலில் காயவைத்து, வெளிநாட்டு மீன்களைப் பிடித்து அகற்றினார்கள். 2016 வசந்தத்தில் அந்தப் பாசி தானாக முளைத்து வந்தது. ஏறத்தாழ 60 வருடம் கழித்து! யாரும் கொண்டுவந்து நடவில்லை. குளத்தை இறைத்துக் காயவிடுவது ஜப்பானிய விவசாயிகளின் பழைய வழக்கம். எங்கள் கோடை அதைச் செலவில்லாமல் வருடாவருடம் செய்து தருகிறது.

ஜப்பானிலேயே நொஜிரி ஏரியின் கதை மறுபக்கம். 1978இல் நீர்ப்பூண்டைக் குறைக்கப் புற்கெண்டைக் குஞ்சு ஐயாயிரம் விட்டார்கள். மூன்று வருடத்துக்குள் ஏரியில் நீர்ப்பூண்டே இல்லை. அங்கே இருந்த அரிய நட்சத்திரக் காராவும் போய்விட்டது. ஆய்வுகூடத்தில் அதன் வளர்ப்பு ஒன்று இருந்ததால் மட்டுமே பிறகு வலைக்கூட்டுக்குள் திரும்ப நட முடிந்தது. நெதர்லாந்தின் வெலுவ ஏரியில் 1960களின் இறுதியில் காராப் படுகை அழிந்தது. கழிவுநீரிலிருந்து பொசுபரசைப் பிரித்து, அடியைக் கிளறும் மீனை வலைபோட்டுக் குறைத்த பிறகு 1990களில் ஏரியின் பெரும்பகுதியில் திரும்பியது. அங்கே கண்ட ஒன்று உங்களுக்கு நேரே பயன்படும்: ஏரியின் நடுப்பகுதி இன்னும் கலங்கிக் கிடந்தபோதே, காரா முளைத்த ஆழமற்ற பகுதிக்கு மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. படுகை சேற்றை அசையவிடாது, நுண்பாசியைத் தின்னும் தெள்ளுப்பூச்சிகள் என்ற மிகச்சிறு நீருயிர்கள் ஒளிந்திருக்க இடமாகும், தன் தண்ணீரைத் தானே தெளியவைக்கும். ஆகவே முழுக் குளத்தையும் ஒரே வருடத்தில் திருத்த வேண்டியதில்லை. ஒரு மூலை பிடித்தால் போதும்.

இனி வேலை. ஆனி ஆடியில், தண்ணீர் பாதிக்கு இறங்கிய பிறகு, சேறு எடுக்கத் தொடங்குங்கள். தேவையானது 63 மில்லிமீற்றர், அதாவது இரண்டு அங்குல பிவிசி குழாய் ஒரு மீற்றர், அதற்குள் வழுக்கிப் போகும் தடி ஒன்று, பொலித்தீன் பைகள், அழியாத பேனா. குளத்தின் கரையிலிருந்து உள்நோக்கி, முழங்கால் ஆழம் வரை, பத்து இடங்களில் குழாயை நேராக அரை மீற்றர் இறக்குங்கள். மேல்வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தி மெதுவாக உருவினால் சேறு உள்ளே நிற்கும். பொத்தாமல் உருவினால் அடியால் வழுகிவிடும். தடி நுனியில் சீலை சுற்றிக் கீழிருந்து தள்ளி, வாழை இலையில் சேற்றுத் தண்டை நீளமாகக் கிடத்தி, 5 சென்ரிமீற்றருக்கு ஒரு துண்டாக வெட்டுங்கள். எது மேல், எது அடி என்பதை அந்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் பத்துப் பையும் கலந்து போகும். எங்கள் குளங்களில் முதலை இருக்கும் என்பதை நினைவில் வைத்து, இரண்டு பேராக, வெயில் ஏறிய பிறகு, தெளிவாகத் தெரியும் கரைப்பக்கம் மட்டும் இறங்குங்கள். பொழுதுபட்ட பிறகு வேண்டாம்.

ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 130 மில்லிலீற்றர் சேறு. வாளித் தண்ணீரில் கரைத்து, முதலில் தேத்தண்ணி வடியால் வடித்து வேர், கூழாங்கல், நத்தைக்கூடு எல்லாவற்றையும் நீக்குங்கள். வடியைத் தாண்டி வந்ததை நெருக்கமான நைலோன் துணியில் ஊற்றி, மெல்லத் தண்ணீர் அள்ளி ஊற்றிக் கழுவுங்கள். களி போய்விடும்; மணலும் வித்தும் துணியில் நிற்கும். வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு பரப்பி, பத்து மடங்கு கைவில்லையால் பாருங்கள். மணல் மூலைமூலையாக மின்னும். காரா வித்து கறுப்பு அல்லது கடும் பழுப்பு, முட்டை வடிவம், சுற்றுவரையோடு இருக்கும். ஊசி நுனியால் மெல்ல அழுத்துங்கள்: பொறுக்கென்று உடைந்து உள்ளே வெறுமையாக இருந்தால் செத்தது, எதிர்த்து நின்றால் உயிர் இருக்கலாம். எந்தத் துண்டில் எத்தனை நின்றது என்று ஒரு அட்டவணை போடுங்கள்.

தூர்வாரும் வேலைக்கு வழிகாட்டி இந்த அட்டவணைதான். தூர்வாருவது காராவுக்கு எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. காரா புதிதாக வெட்டிய வெறுந்தரையில் முதல் ஆளாக முளைப்பது. உலகெங்கும் புதுக்குளங்களில் அது காணப்படுகிறது. வளமான மேல்சேற்றை வழித்து எடுத்தால் பொசுபரசும் போகும், கீழே உறங்கும் பழைய வித்துக்கும் வெளிச்சம் கிடைக்கும். கெடுவது எங்கே என்றால், வித்துப் படையையும் தாண்டி மூன்று நான்கு அடி ஒரேயடியாக எடுக்கும்போதும், சாய்வான கரையைச் செங்குத்துக் கிடங்காக வெட்டும்போதும், குளம் முழுவதையும் ஒரே கோடையில் வழிக்கும்போதும். உங்கள் அட்டவணையில் 15 முதல் 25 சென்ரிமீற்றர் ஆழத்துத் துண்டுகளில் வித்து கூடுதலாக இருந்தால், கரைப்பக்கத்தில் பெக்கோ 15 சென்ரிமீற்றரோடு நிற்க வேண்டும். மேல் 5 சென்ரிமீற்றரிலேயே இருந்தால், அந்த மண்ணைத் தனியே வழித்து ஒரு பக்கம் குவித்து, ஆழப்படுத்திய பிறகு கரைச்சரிவில் இரண்டு விரற்கடை தடிப்புக்குத் திரும்பப் பரப்ப வேண்டும். அதைச் செங்கல் சூளைக்கோ காணி நிரப்பவோ கொடுத்துவிட்டால் அதோடு முடிந்தது.

இதை ஒப்பந்தகாரர் வந்து இறங்கிய பிறகு சொல்லிப் பயனில்லை. அவருக்குத் தோண்டும் மண்ணின் கியூப் கணக்கில்தான் காசு. கமநல சேவை நிலையத்தில் மதிப்பீடு தயாராகும்போதே, விவசாய அமைப்பின் கூட்டத் தீர்மானமாக, மூன்று விடயங்களை எழுத்தில் சேர்க்க வேண்டும்: குளத்தின் மூன்றில் ஒரு பங்கு, நீர் வந்து விழும் மேற்பக்கம், இந்த வருடம் தொடப்படாது, கரைச்சரிவு ஒன்றுக்கு ஐந்தாவது இருக்கும், ஒதுக்கிய மேல்மண் குளத்தை விட்டு வெளியே போகாது. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் வரும் குளமாக இருந்தால் அங்கே கதையுங்கள். குளத்து நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையைக் கட்டாயம் கூட வைத்துக்கொள்ளுங்கள். எந்த மூலை கடைசியாக வற்றும், எங்கே மாடு இறங்கும், குளம் நிரம்பி வான் பாயும்போது தண்ணீர் எந்தப் பக்கம் அடிக்கும் என்பதை அவரை விட நன்றாகச் சொல்ல ஆளில்லை.

கூட்டத்தில் இருப்பவர்களை நம்பவைக்கப் பேச்சை விடப் பேசின் உதவும். சேகரித்த மேல்சேற்றை நிழலில் இரண்டு வாரம் காயவைத்து, கட்டி உடைத்து, அகன்ற வெள்ளைப் பேசின்கள் நான்கில் 3 சென்ரிமீற்றர் தடிப்புக்குப் பரப்புங்கள். மேலே கழுவிய ஆற்றுமணல் மெல்லியதாகத் தூவினால் சேறு கிளம்பாது; ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம், வித்துக்கு வெளிச்சம் மறைந்துவிடும். கமுகம் மட்டைத் துண்டு ஒன்றை மண்ணின் மேல் வைத்து அதன் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள், 20 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை. கிணற்றுத் தண்ணீர் நல்லது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரீன் போக ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். தனி மழைத்தண்ணீரில் கல்சியமும் இருகாபனேற்றும் போதாது. இரண்டு பேசினை மரநிழல் விட்டுவிட்டுப் படும் இடத்திலும், இரண்டைக் கறுப்புப் பொலித்தீனால் மூடியும் வையுங்கள்.

நான்கு பேசினையும் நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டுவதை மறக்க வேண்டாம். டெங்கு பரவும் மாவட்டத்தில் திறந்த பேசின் வைத்திருப்பது ஆபத்து. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கொட்டச் சொன்னால் அவர் சொல்வதுதான் சரி. குடம்பிகளைத் தின்னக் கப்பி மீன் விடலாமே என்று தோன்றும். விட வேண்டாம், அதன் எச்சமே சிறு பேசினைப் பச்சையாக்கிவிடும்.

இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் முளை தெரிய வேண்டும். முதலில் வருவது ஒற்றைப் பச்சை மயிர் போன்ற ஒன்று. சில நாளில் அதன் பக்கத்தில் முதல் குடைக்கணு விரியும். அந்த நேரத்தில் பேசினைத் தூக்கி இடம் மாற்றினால் சேறு கலங்கி முளை புதைந்துவிடும். இழைப்பாசி பஞ்சுபோலத் திரண்டால் ஈர்க்கில் சுற்றி எடுத்துவிடுங்கள். தண்ணீரே பச்சையானால் அந்தச் சேற்றில் உரம் கூட என்று பொருள். பாதித் தண்ணீரை மெதுவாக இறைத்துப் புதுத்தண்ணீர் விட்டு, மூன்று முறை மாற்றியும் தெளியவில்லை என்றால், அந்த இடத்து மேல்சேற்றைக் குளத்திலிருந்து அகற்றத்தான் வேண்டும். மூடி வைத்த பேசினில் ஒன்றும் இருக்காது. வெளிச்சப் பேசினையும் இருட்டுப் பேசினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், தண்ணீர் தெளிய வேண்டிய காரணத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

குளத்துத் தெளிவை அளக்க ஒரு வட்டு செய்யுங்கள். 20 சென்ரிமீற்றர் அகலப் பெயின்ற் வாளி மூடி, கால்வாசி கால்வாசியாகக் கறுப்பும் வெள்ளையும், அடியில் ஒரு கல், நடுவில் கயிறு, பத்து சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சு. நண்பகலில், உங்கள் நிழல் விழும் பக்கம் இறக்கி, வட்டு மறையும் ஆழத்தையும் திரும்பத் தெரியும் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அந்த அளவு குளத்தின் அடிவரை எட்டும் இடம் காராவுக்கு நல்ல இடம். குளத்தின் ஆழம் அந்த அளவைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் அங்கே நம்பிக்கை வைக்க வேண்டாம். மார்கழி வெள்ளத்தில் அளந்து மனம் சோர வேண்டியதில்லை, அது மண்கலங்கல். வண்டல் படிந்த பிறகு, தை கடைசியிலிருந்து சித்திரை வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளப்பதுதான் கணக்கு.

மாரிக்கு முன், காய்ந்த அடியிலேயே வலைக்கூடு நட்டுவிடுங்கள். தண்ணீர் வந்த பிறகு நடுவது கடினம், உள்ளே மீனும் அகப்பட்டுவிடும். மூன்று மீற்றர் சதுரம், நிறைதண்ணீரில் ஒரு மீற்றருக்கு மேற்படாத ஆழம் வரும் இடம், நீர் வந்து விழும் வாய்க்காலுக்கு நேரே அல்லாத மூலை. ஒரு சென்ரிமீற்றர் கண்ணுள்ள விறைப்பான பிளாஸ்ரிக் வலை. மீன்பிடி வலையில் ஆமையும் நீர்க்காகமும் சிக்கிச் சாகும். வலையின் அடியை 15 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் புதைக்க வேண்டும், இல்லையென்றால் திலாப்பியா கீழால் நுழையும். மேல்விளிம்பு வான்மட்டத்தை விட ஒரு முழம் உயர்ந்திருக்கட்டும். சிறு குஞ்சு எப்படியும் கண்ணுக்குள்ளால் போய் உள்ளே பெருக்கும். பங்குனியில் ஒருமுறை கைவலையால் அரித்து எடுங்கள். எருமை இறங்கும் குளம் என்றால் கம்பு மொத்தமாக இருக்க வேண்டும். யானை வரும் குளங்களில் கூடு நிற்காது, அங்கே மீன் விடயத்தில்தான் கவனம் வைக்க வேண்டும்.

மீன் விடயம் என்றால்: நக்டா, அதாவது தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, குஞ்சு தரும்போது சாதாரண கெண்டையும் புற்கெண்டையும் வேண்டாம் என்று அமைப்பு கேட்டுக்கொள்ளலாம். மேல்நீரில் மேயும் கட்லாவும் இடைநீரில் மேயும் றோகுவும் சேற்றைக் குறைவாகவே கிளறும். கட்லா தெள்ளுப்பூச்சிகளைத் தின்பதால் அதையும் அளவோடுதான் விட வேண்டும். விராலைப் பிடித்து ஒழிக்காதீர்கள். திலாப்பியாக் குஞ்சைத் தின்று அளவில் வைப்பது அது. மீன் வருமானத்தை நம்பும் குடும்பங்களிடம் போய் மீனே வேண்டாம் என்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. எது விடுவது என்பதுதான் பேச்சாக இருக்க வேண்டும்.

தண்ணீர் வந்து விழும் பக்கம் புல்லும் பன்னும் வளர்ந்த ஒரு பட்டையை உழாமல் விட்டுவிடுங்கள். அநுராதபுரப் பக்கச் சிங்கள ஊர்களில் பெரஹன என்பார்கள். வண்டலைக் குளத்துக்கு முன்னமே பிடிக்கும் வடி அது. பத்து மீற்றர் அகலம் இருந்தாலும் வித்தியாசம் தெரியும். அந்தப் பட்டையில் மாட்டைக் கட்டக் கூடாது.

பத்துக் குழாயிலும் ஒரு வித்துக்கூட இல்லை, பேசினிலும் முளை இல்லை என்றால் மட்டும் வெளியிலிருந்து கொண்டுவருவதை யோசியுங்கள். அப்போதும் அதே தொடர்குளத்தின் மேற்குளத்திலிருந்து, அதே நீர் ஓடிவரும் இடத்திலிருந்து எடுங்கள். செடியாக அள்ளி வந்தால் பெரும்பாலும் முறிந்து அழுகும். கூடவே சல்வீனியாத் துண்டும் நத்தை முட்டையும் வரும். கோடையில் காய்ந்த மேல்மண் ஒரு வாளி எடுங்கள். ஒரே இடத்தில் தோண்டாமல் கைப்பிடி கைப்பிடியாகப் பல இடத்தில் எடுத்து, முழுதாகக் காயவைத்து, வலைக்கூட்டுக்குள் மட்டும் தூவுங்கள். காய்ந்தால் சல்வீனியா சாகும், வித்து சாகாது. வனசீவராசிகள் திணைக்களத்தின் பாதுகாப்பில் உள்ள இடத்திலிருந்து அனுமதியின்றி ஒரு பிடி மண்ணும் எடுக்கக் கூடாது.

முளைத்து, செம்மஞ்சள் உருண்டைகள் வந்ததும் ஒரு மாதிரி எடுத்து வையுங்கள். எந்த இனம் என்று தெரிய அந்த உருண்டையும் குடுவையும் உள்ள கணு வேண்டும், வெறுந்தண்டு போதாது. தட்டில் தண்ணீர் விட்டுச் செடியை மிதக்கவிட்டு, கீழால் தடித்த வெள்ளைத் தாளை நுழைத்து மெல்லத் தூக்கினால் கிளைகள் விரிந்தபடியே தாளில் படியும். மேலே மெல்லிய சீலை போட்டுப் பத்திரிகைத் தாள்களுக்கு இடையில் வைத்து லேசாக மட்டும் அழுத்துங்கள். பாரம் கூடினால் சுண்ணாம்பு நொறுங்கிப் பொடியாகும். ஒரு சிறு துண்டை 70 சதவீத அற்ககோலில் தனியே போடுங்கள். தாளின் மூலையில் குளத்தின் பெயர், திகதி, செடி நின்ற ஆழம், வட்டு மறைந்த ஆழம், அடி மணலா களியா என்பது, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் பரவும். ஒரு பிரதியை வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்கும், இன்னொன்றைப் பேராதனைத் தேசிய உலர்தாவரக் காப்பகத்துக்கும் கொடுக்கலாம். மூன்றாவது பிரதி ஊரிலேயே இருக்கட்டும், விவசாய அமைப்பின் கூட்டக் குறிப்புப் புத்தகத்துக்குள், தூர்வாரும் தீர்மானம் எழுதிய அதே பக்கத்தில்.